கடல் தாண்டிப் பெற்ற சட்டப் பட்டம்

அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் ஆண்டுதோறும் கணிசமான சீன மாணவர்கள் பட்டம் பெறுகிறார்கள். பட்டமளிப்பு விழா முடிந்த கையோடு அவர்களை எதிர்நோக்கி நிற்கும் கேள்வி ஒன்றுதான்: வேலை எங்கே? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதற்கு விடை காண்பது இவ்வளவு கடினமாக இருக்கவில்லை. இன்று நிலைமை மாறிவிட்டது.

சீனாவில் 1950-களின் பிற்பகுதியில் வக்கீல் தொழிலே ஒழிக்கப்பட்டது. 1979-80-ல்தான் அதற்கு மறுபடி உயிர் வந்தது. பின்னர் அந்நிய மூலதனம் உள்ளே வந்தது. சீனக் கம்பெனிகள் நியூயார்க் பங்குச் சந்தையை நாடிச் சென்றன. அந்நிய வழக்கறிஞர் நிறுவனங்கள் அங்கே அலுவலகம் திறக்க 1992-ல் அனுமதி கிடைத்தது. இரு நாட்டுச் சட்டமும் இரு மொழியும் அறிந்த இளைஞர்களை அந்த நிறுவனங்கள் வரவேற்றன. அந்த நம்பிக்கையில்தான் சீனப் பெற்றோர் பணத்தைச் செலவிட்டார்கள்.

அந்தப் பாலம் இப்போது இரு கரைகளிலும் குறுகி வருகிறது. 2021 ஜூனில் நியூயார்க்கில் பங்கு வெளியிட்ட டீடி வாடகைக் கார் கம்பெனி, சில நாட்களிலேயே சீன அதிகாரிகளின் விசாரணைக்கு ஆளாகி, மறு ஆண்டே அந்தச் சந்தையிலிருந்து விலகியது. தகவல் பாதுகாப்புச் சட்டங்கள் கடுமையாயின. 2023 ஆகஸ்டில் டென்டன்ஸ் நிறுவனம் தன் சீனக் கூட்டாளியான தாச்செங்கிடமிருந்து பிரிந்தது. 2024-ல் லேதம் அண்ட் வாட்கின்ஸ் தனது ஷாங்காய் அலுவலகத்தை மூட முடிவு செய்தது. அலுவலகங்கள் மூடினால் அவற்றில் சேர இருந்தவர்கள் எங்கே போவார்கள்?

அமெரிக்காவிலேயே தங்கிவிடலாம் என்றால் அங்கும் தடைகள் குறைவில்லை. படிப்பு முடிந்ததும் ஓராண்டு வேலை பார்க்க அனுமதி உண்டு. விஞ்ஞானமும் இன்ஜினியரிங்கும் படித்தவர்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். சட்டம் படித்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. அதன்பின் எச்-1பி விசா வேண்டும். அது ஆண்டுக்கு 65,000; அமெரிக்காவில் மேற்பட்டம் பெற்றவர்களுக்கு மேலும் 20,000. மனுக்கள் மிகுந்தால் குலுக்கல். வெளிநாட்டிலிருந்து புதிதாக வருவோருக்கான மனுவுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. திறமைக்குப் பதில் அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டிய நிலை இது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். மூன்றாண்டு ஜே.டி. படித்தவர்களைப் பெரிய நிறுவனங்கள் படிக்கும்போதே விடுமுறைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்கின்றன. அங்கே முதலாண்டுச் சம்பளமே 2,25,000 டாலர். ஆனால் சீனாவில் சட்டம் படித்துவிட்டு வருவோரில் பெரும்பாலோர் சேர்வது ஓராண்டு எல்.எல்.எம். வகுப்பில். இந்தப் பட்டத்தைக் கொண்டு நியூயார்க், கலிபோர்னியா போன்ற சில மாநிலங்களில் வக்கீல் பரீட்சை எழுதலாம். பல மாநிலங்கள் ஜே.டி. இல்லாதவர்களைப் பரீட்சைக்கே அனுமதிப்பதில்லை. பரீட்சையில் தேறினாலும் வேலை உறுதியில்லை. முன்னணிக் கல்லூரிகளில் கட்டணமோ ஆண்டுக்கு எழுபதாயிரம் டாலருக்கு மேல்.

அமெரிக்க நீதித்துறைக்குச் சீனப் பட்டதாரிகள் புதியவர்கள் அல்லர். 1886-ல் கொலம்பியா சட்டக் கல்லூரியில் தேறிய ஹாங் யென் சாங், நியூயார்க்கில் வக்கீலானார். ஆனால் 1890-ல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம், அவர் சீனர் என்பதற்காகவே அனுமதி மறுத்தது. அதே நீதிமன்றம் 2015-ல், அவர் மறைந்து பல்லாண்டுகளுக்குப் பின், அவருக்கு அந்த உரிமையை வழங்கியது. இன்று இனத்தைச் சொல்லிக் கதவை அடைப்பதில்லை. விசா எண்ணிக்கையைச் சொல்லி அடைக்கிறார்கள். வாசலில் நிற்பவனுக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

தாய்நாடு திரும்பினாலும் அமெரிக்கப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே வாதாட முடியாது. தேசியச் சட்டத் தகுதிப் பரீட்சையில் தேற வேண்டும். சீனாவில் இன்று ஏழு லட்சத்துக்கும் அதிகமான வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள். 2025-ல் மட்டும் அந்நாட்டுக் கல்லூரிகளிலிருந்து 1 கோடியே 22 லட்சம் பட்டதாரிகள் வெளிவந்தார்கள். வெளிநாட்டில் படித்துத் திரும்புகிறவர்களைச் சீனர்கள் "கடல் ஆமை" என்பார்கள். வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கு வைத்த பெயர் "கடல் பாசி". கேலிப் பேச்சானாலும் அதில் வேதனை இருக்கிறது.

எல்லாக் கதவும் மூடிவிட்டதாகச் சொல்வதும் சரியல்ல. ஹாங்காங் பங்குச் சந்தை 2025-ல் மீண்டும் எழுந்தது. சீனக் கம்பெனிகள் தென்கிழக்கு ஆசியாவிலும் மெக்சிகோவிலும் தொழிற்சாலைகள் அமைக்கின்றன. இரு நாடுகளுக்கிடையே வளரும் சுங்கவரித் தகராறுகளும் ஏற்றுமதித் தடைகளுமே சட்டம் அறிந்தவர்களுக்குப் புது வேலை தருகின்றன. ஆனால் அவை அனுபவசாலிகளைத் தேடும் வேலைகள். நேற்றுப் பட்டம் வாங்கியவரைத் தேடும் வேலைகள் அல்ல.

இந்நிலையில் செய்யக்கூடிய, செய்தே தீர வேண்டிய காரியம் ஒன்று உண்டு. ஜே.டி. பட்டதாரிகளில் எத்தனை பேருக்கு என்ன வேலை கிடைத்தது என்பதைக் கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்பது அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் விதி. எல்.எல்.எம். பட்டதாரிகளுக்கு அந்த விதி பொருந்தாது. அதிகமான அந்நிய மாணவர்கள் சேரும் வகுப்புக்கே கணக்கு இல்லை என்பது எந்த விதத்தில் நியாயம்? விதியை அவர்களுக்கும் விரிவாக்க வேண்டும்.

இது சீனர்களின் கவலை மட்டுமல்ல. 2023-24-ல் அமெரிக்காவில் 3,31,602 இந்திய மாணவர்கள் படித்தார்கள், சீனர்கள் 2,77,398. எச்-1பி வரிசையில் மிக நீளமாக நிற்பவர்களும் இந்தியர்களே. வீட்டை அடமானம் வைத்துப் பிள்ளையை அனுப்பும் தகப்பனார், கல்லூரியின் பெயரை விசாரிப்பதோடு நில்லாமல், அங்கே படித்த அந்நிய மாணவர்களின் கதி என்ன என்றும் விசாரிப்பது நல்லது.

டிக்கெட்டுக்கு முழுக் கட்டணம் வாங்குகிறவர், வண்டி எந்த ஸ்டேஷன் வரை போகும் என்பதையும் சொல்லக் கடமைப்பட்டவர். அமெரிக்கச் சட்டக் கல்லூரிகள் அதைச் சொல்லட்டும்.