டாங்கிக்குள் ஊற்றும் பந்தா

பிலிமத்தலாவைக்குப் பக்கத்தில் ஒரு கராஜ். ஏப்ரல் லீவுக்கு இரண்டு கிழமை இருந்தது. நண்பன் ஒருவனின் 150 சிசி பைக்கைச் சுற்றி நாங்கள் ஐந்து பேர் நின்றோம். லைட் கழற்றியாச்சு, கண்ணாடி கழற்றியாச்சு, நம்பர் ஸ்டிக்கரும் ஒட்டியாச்சு. முதல் தடவையாக ட்ராக்கில் ஓடப்போகிறான். அப்போது ரேஸ் ஓடிப் பழகிய ஒரு அண்ணன் வந்து டாங்கி மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். "செட்டுல அடிச்ச பெற்றோலா? இதப் போட்டுக்கிட்டு ட்ராக்குக்கு வராதடா தம்பி, சிரிப்பானுங்க" என்றார்.

அவ்வளவுதான். அடுத்த நாளே அவன் அம்மாவின் சீட்டுக் காசில் கை வைத்தான். அம்மா புசல்லாவைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவர். வெளிநாட்டு ரேஸ் எரிபொருள் ஒரு டின்னும் ஒக்டேன் பூஸ்டர் இரண்டு போத்தலும் வந்து சேர்ந்தன. பின் டயர் மட்டும் பழையதுதான், நடுவில் வழுவழுவென்று தேய்ந்தது. அதை மாற்றக் காசில்லை.

நாங்கள் எழுதுவது அந்த டின்னுக்கு எதிராக. அதை வாங்க முடியாதவனை ட்ராக்கில் கூச வைக்கிற ஆட்களுக்கும் எதிராக.

ஒக்டேன் என்பது பெற்றோலின் பலம் இல்லை, பொறுமை. சிலிண்டருக்குள் பெற்றோல் ஆவியையும் காற்றையும் பிஸ்டன் அழுத்தும்போது சூடேறும். பிளக் பொறி போட்டு நெருப்பு ஒழுங்காகப் பரவி வரும்போது, மூலையில் எரியாமல் கிடக்கும் மிச்சம் தானாகவே வெடித்தால் அதுதான் நொக்கிங். கடுகண்ணாவை ஏற்றத்தில் கியர் இறக்காமல் இழுத்தால் எஞ்சினுக்குள் யாரோ சின்னச் சுத்தியலால் தட்டுவது மாதிரி கேட்குமே, அது. அப்படித் தானாக வெடிக்காமல் எவ்வளவு தாக்குப்பிடிக்கும் என்று சொல்லும் எண்தான் 92, 95 எல்லாம். எண் கூடினால் சக்தி கூடும் என்று நினைப்பவர்கள் எதனோலைப் பார்க்கலாம். அதன் ஒக்டேன் 100ஐத் தாண்டும், ஆனால் ஒரு கிலோவில் இருக்கும் சக்தி பெற்றோலில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உன் எஞ்சின் எவ்வளவு அழுத்துகிறது என்பது. கண்டி ரோட்டில் எங்கு பார்த்தாலும் நிற்கிற எஃப்சட் மாதிரி 150 சிசி பைக்குகளில் அழுத்த விகிதம் 9.5க்கு 1 என்ற அளவில்தான். அதற்கு 92 தாராளம். 95 ஊற்றினாலும் 110 ஊற்றினாலும் அந்த எஞ்சினுக்கு வித்தியாசமே தெரியாது. நொக்கிங்கைப் பிடித்துப் பொறி நேரத்தை மாற்றும் சென்சரும் அந்த பைக்குகளில் இல்லை. மறுபக்கம் யமஹா வைஇசட்250எஃப், பிறப்பிலேயே மோட்டோகுரொஸ் பைக். விகிதம் 13.8க்கு 1. அதைக்கூட செட்டில் கிடைக்கும் ஈயமில்லாத பிரீமியம் பெற்றோலில் ஓடத்தான் கம்பனி கட்டியிருக்கிறது. நம்மூரில் அது ஒக்டேன் 95. கம்பனியே கேட்காத எரிபொருளை, ஏழு வருசப் பழைய ரோட் பைக்குக்கு நாங்கள் தேடித் திரிகிறோம்.

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடுவோம். நம் ஆட்கள் பாதிப் பேர் அமெரிக்க யூடியூப் பார்த்துத்தான் பைக் படிக்கிறார்கள். அங்கே பம்பில் எழுதியிருக்கும் எண், ரிசர்ச், மோட்டர் என்ற இரண்டு விதமாக அளந்த எண்களின் சராசரி. இங்கே எழுதுவது ரிசர்ச் எண் மட்டும். அவர்களுடைய 91 கிட்டத்தட்ட எங்களுடைய 95. இது தெரியாமல் "அவன் 91 போடச் சொல்றான், நம்மகிட்ட 92 இருக்கே" என்று 13க்கு மேல் அழுத்தும் பைக்குக்கு 92 அடித்தால் பிஸ்டன் போகும். எங்கும் எதற்கும் 92 போதும் என்று நாங்கள் சொல்லவில்லை. எஞ்சின் கேட்பதைக் கொடு, அதற்கு மேல் கொடுப்பது வீண்.

பூஸ்டர் போத்தல் இன்னும் மோசம். "5 பொயின்ட் கூட்டும்" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 92 அப்படியே 97 ஆகிவிடும் என்று நம்புகிறோம். அந்த வியாபாரத்தில் ஒரு பொயின்ட் என்பது பெரும்பாலும் ஒரு எண்ணில் பத்தில் ஒன்று. 92 என்பது 92.5 ஆகும், அவ்வளவே.

உண்மையான ரேஸ் எரிபொருளில் விசயமே இல்லையா? இருக்கிறது. சில வகைகளில் ஒக்சிசன் கலந்த சேர்மங்கள் இருக்கும், அதனால் ஒரே சிலிண்டருக்குள் கூடுதல் எரிபொருளை எரிக்கலாம். ஆனால் காபுரேட்டர் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும், அல்லது இன்ஜெக்ஷன் மேப்பை மாற்ற வேண்டும். ஒன்றையும் மாற்றாமல் அப்படியே ஊற்றினால் கலவை மெலிந்து எஞ்சின் கொதிக்கும். காசு கொடுத்துப் பிஸ்டனில் ஓட்டை வாங்குகிற வேலை. சொந்த மெக்கானிக், டைனோ, மாற்றிப் போட இரண்டாவது எஞ்சின் எல்லாம் இருப்பவனுக்கு அது பயன்படும். மாதக் கடைசியில் கெம்பஸ் கன்டீனில் கடன் சொல்லிச் சாப்பிடுகிறவனுக்கு இல்லை.

நுவரெலியா கதை இன்னும் சிரிப்பு. ஏப்ரல் சீசனில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டிக்கு எல்லோரும் விலை கூடிய எரிபொருளோடு போவார்கள். நுவரெலியா 1,868 மீட்டர் உயரம். கடல் மட்டத்தோடு பார்த்தால் அங்கே காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் போகும் காற்றே குறைவு, அதனால் நொக்கிங் ஆபத்தும் குறைவு. மலை ஏற ஏற ஒக்டேன் தேவை இறங்குகிறது, எங்கள் பந்தா மட்டும் ஏறுகிறது. அங்கே செய்ய வேண்டியது ஜெட்டைச் சிறிதாக்குவது. ஒரு பாஸ் அரை மணித்தியாலத்தில் செய்து தருவார்.

சிலர் இதைவிட ஒரு படி மேலே போய், சின்ன விமானங்களுக்கு ஊற்றும் பெற்றோல் கிடைக்குமா என்று கேட்டுத் திரிகிறார்கள். 100 ஒக்டேனாம். அந்தப் பெற்றோலில் ஈயம் இருக்கிறது, லீற்றருக்கு அரைக் கிராம் வரைக்கும். இலங்கை 2002இல் ஈயப் பெற்றோலை நிறுத்தியது. உலகத்திலேயே கடைசியாக அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை. வீட்டு முற்றத்தில் தங்கச்சி விளையாடும்போது பக்கத்தில் எஞ்சினைச் சூடாக்கி ட்யூன் பார்க்கிற அண்ணன்மார் இதை இன்னொரு தடவை வாசிக்க வேண்டும்.

எரிபொருளை வைத்து ஒருவனைச் சிறுமைப்படுத்துவது எங்களுக்குத் தாங்க முடியாததற்கு வேறு காரணமும் உண்டு. 2022 எல்லோருக்கும் மறந்து போச்சா? ஏப்ரல் 19ஆம் திகதி றம்புக்கனையில், கண்டிக்கு வரும் அதே ரயில் பாதையை மறித்து மக்கள் பெற்றோல் விலைக்காகப் போராடினார்கள். பொலிஸ் சுட்டதில் ஒருவர் செத்தார். ஜூன் கடைசியில் 92 ஒரு லீற்றர் 470 ரூபா, 95 ஒரு லீற்றர் 550 ரூபா. அப்போது தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம் 1,000 ரூபா. ஒரு நாள் முழுக்க மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்து எடுத்தால் இரண்டு லீற்றர் பெற்றோல். பிறகு கியூஆர் வந்து, பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்றார்கள். கன்னோடு வரிசையில் படுத்துக் கிடந்து அந்தப் பெற்றோலை வாங்கின பிள்ளைகள் நாங்கள். "செட் பெற்றோலா" என்று மூக்கைச் சுளித்தால் எங்களுக்குக் கோபம் வரத்தான் செய்யும்.

எங்கள் நண்பன் பயிற்சி ஓட்டத்திலேயே விழுந்தான். மூன்றாவது வளைவு, பின் டயர் வழுக்கிக் காரை எலும்பு முறிந்தது. டாங்கி நிறைய ரேஸ் எரிபொருள் இருந்தது. அந்த டின்னின் காசுக்குப் புது டயர் வாங்கி, பிரேக் பேடும் மாற்றி, மிச்சத்தில் நல்ல கையுறை ஒரு சோடியும் எடுத்திருக்கலாம். கணக்குப் பார்த்தோம், அப்படியே சரியாக வந்தது. அம்மாவுக்கு இன்னும் முழுக் கதையும் தெரியாது.

போட்டி நடத்துகிறவர்களிடம் எங்களுக்கு ஒரு கோரிக்கை இருக்கிறது. 150 சிசி மாதிரிச் சின்ன வகுப்புகளில் செட் பெற்றோலுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஒரே பவுசரில் இருந்து எல்லோருக்கும் அளந்து ஊற்றுங்கள். இது பிச்சைக்காரப் புத்தி இல்லை. உலகப் போட்டியிலேயே மோட்டோ2, மோட்டோ3 வகுப்புகளில் எல்லோருக்கும் ஒரே கம்பனியின் எரிபொருள்தான். அங்கே யாருடைய மானமும் போகவில்லை. "அப்ப ரேஸ்ல என்ன மச்சான் இருக்கு?" என்று கேட்பவர்கள், ஓட்டுகிறவனின் கையையும் வளைவில் அவன் எடுக்கும் கோட்டையும் பார்க்கலாம்.

பரிசோதனை என்று மேசை போட்டால் டயரையும் பிரேக்கையும் ஹெல்மட்டையும் பாருங்கள். 2024 ஏப்ரல் 21ஆம் திகதி தியத்தலாவை ஃபொக்ஸ்ஹில் போட்டியில் ஓட்டப்பாதையை விட்டு விலகிய கார் சனத்துக்குள் பாய்ந்து ஏழு பேர் செத்தார்கள். அதில் எட்டு வயதுப் பிள்ளையும் ஒன்று. அடுத்த கிழமையே எங்கள் வட்சப் குரூப்பில் எந்த பைக்குக்கு எந்த ஒக்டேன் என்ற சண்டை மறுபடி தொடங்கியது. தடுப்புச் சுவர் பற்றி ஒருத்தர் கூடக் கதைக்கவில்லை. நாங்களும்தான்.

அவனுக்குக் கை சரியாகிவிட்டது. அடுத்த ஏப்ரலுக்குப் பின் டயருக்கு நாங்கள் ஐந்து பேரும் காசு சேர்க்கிறோம், பாதி சேர்ந்துவிட்டது. பெற்றோல் கெட்டம்பே பக்கம் ஏதாவது ஒரு செட்டில் 92 அடிப்போம். மிச்சமிருந்த டின்னை போர்டிங் அறையில் வைத்திருப்பது பயம் என்பதால் வீட்டுக்கார ஐயாவின் புல் வெட்டும் மெசினுக்குக் கொடுத்தோம். வழக்கம்போலத்தான் வெட்டுகிறது என்றார்.