கணினிக்கு அவித்த கொத்தமல்லி

கண்டியில் யாரிடமாவது "என் கணினி மெதுவாகிவிட்டது" என்று சொல்லிப் பாருங்கள். "ரேமைக் கூட்டுங்க" என்பார்கள். பேராதனை வீதியில் பழுதுபார்க்கும் தம்பி சொல்வார், பல்கலைக்கழகத்தில் படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லும், கணினியைத் தொட்டே பார்க்காத மாமாவும் சொல்வார். தடிமனா, காய்ச்சலா, உடம்பு நோவா, எதற்கும் கொத்தமல்லி அவித்துக் குடி என்கிறோமே, அந்த மாதிரி. கொத்தமல்லியாவது மலிவு.

கட்டுகஸ்தோட்டையில் இருக்கும் என் அக்கா ஆசிரியை. 2013இல் வாங்கிய லெப்டொப்பில்தான் இன்றும் வினாத்தாள் அடிக்கிறார். 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்கு ஏறிய நாட்களில் புதிது வாங்கும் எண்ணத்தை விட்டவர், பிறகு அந்தப் பக்கமே திரும்பவில்லை. ஓன் பண்ணிவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு வந்தாலும் திரையில் அந்த வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு சனிக்கிழமை டவுனுக்குக் கொண்டுபோனார். கடைத்தம்பி அதை ஓன் பண்ணிக்கூடப் பார்க்கவில்லை. "நாலு ஜீபிதானே டீச்சர் இருக்கு, இன்னொரு நாலு போட்டா பறக்கும்" என்றார். போட்டார்கள். பறக்கவில்லை. "இப்ப கொஞ்சம் பரவாயில்லைத்தானே?" என்று அக்கா என்னிடம் கேட்டார். காசு கொடுத்தவருக்கு அப்படித்தான் தோன்றும்.

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினேன். டாஸ்க் மனேஜர் வந்தது. எட்டு ஜீபி நினைவகத்தில், அதாவது ரேமில், மூன்று ஜீபிகூடப் பாவனையில் இல்லை. புதிதாகப் போட்ட நாலும் சும்மா கிடந்தது. பக்கத்துப் பத்தியில் வன்தட்டு நூறு வீதத்தில் அசையாமல் நின்றது. நோய் எங்கே இருக்கிறதென்று அந்த இயந்திரமே எழுதிக் காட்டிக்கொண்டிருந்தது. கடையில் ஒருவரும் வாசிக்கவில்லை, அவ்வளவுதான்.

வன்தட்டு என்பது சுழலும் தட்டும் அதன்மேல் ஓடும் ஒரு கையும். பழைய லெப்டொப்புகளில் இருப்பது பெரும்பாலும் நிமிடத்துக்கு 5400 சுற்றுச் சுற்றும் தட்டு. ஒரு சுற்றுக்கு 11 மில்லிசெக்கன் போகும். வேண்டிய தகவல் கையின் நுனியில் இருக்கும் வாசிக்கும் தலைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை சரியான தடத்துக்கு நகர வேண்டும். இரண்டையும் கூட்டினால், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் கோப்புகளைச் செக்கனுக்கு அறுபது, எண்பது தடவைக்கு மேல் அதனால் எடுத்துக் கொடுக்க முடியாது. விண்டோஸ் எழும்பும்போது கேட்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகளை. வைரஸ் தடுப்பான் ஒரு பக்கம் வாசிக்கும், அப்டேட் இன்னொரு பக்கம் எழுதும். எல்லாருக்கும் இருப்பது அந்த ஒரே கை. சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி இதே வேலையைச் செக்கனுக்குப் பல ஆயிரம் தடவை செய்யும். இந்த வித்தியாசத்தை எந்த ரேமாலும் ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் ரேமுக்குள் வருவதெல்லாம் முதலில் அந்தத் தட்டிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கடுகண்ணாவை ஏற்றத்தில் முக்கிக்கொண்டு வரும் பஸ்ஸுக்கு இன்னும் பத்து இருக்கை பொருத்தினால் வேகமாக ஏறுமா? நிற்கிறவர்கள் உட்காரலாம், அது நல்லதுதான். இருக்கைகள் ஏற்கெனவே காலியாக இருந்தால் அந்த நன்மையும் இல்லை.

ரேம் எதற்குமே உதவாது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு ஜீபியோடு விண்டோஸ் 10 ஓட்டுகிறவர், நாலு ஜீபியில் குரோமில் இருபது பக்கம் திறந்துவைத்து ஸூமில் வகுப்பும் எடுக்கிறவர், வீடியோ வெட்டி ஒட்டுகிறவர், பொறியியல் பீடத்தில் பெரிய வரைபடங்களோடு மல்லுக்கட்டும் மாணவர், இவர்களுக்கு அது உண்மையிலேயே போதாது. நினைவகம் நிரம்பினால் கணினி மிச்சத்தை வன்தட்டில் எழுதி எழுதி எடுக்கும், அப்போது எல்லாமே நொண்டும். அந்த இடத்தில் ரேம் நல்ல மருந்து. ஆனால் அது பாவனையின் நடுவில், எல்லாம் திறந்திருக்கும்போது, அளந்து பார்த்துச் சொல்ல வேண்டிய விஷயம். எழுபது வீதம் நிரம்பியிருக்கிறதே என்று பதறவும் வேண்டாம். மிச்ச இடத்தில் அடிக்கடி தேவைப்படும் கோப்புகளை விண்டோஸ் தானாகவே வைத்துக்கொள்ளும், கேட்டால் விட்டுக்கொடுக்கும்.

இந்த நம்பிக்கை இவ்வளவு காலம் சாகாமல் இருப்பதற்கு ஒரு தந்திரம் உண்டு. பல கடைகளில் ரேம் போடும் கையோடு விண்டோஸையும் அழித்துப் புதிதாகப் போட்டுத் தருகிறார்கள். பத்து வருடக் குப்பை போய்விடுகிறது, காற்றாடியில் அடைந்த தூசியும் போகிறது. தூசியால் சூடேறிய செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு நின்றிருக்கும், அதுவும் மூச்சுவிடுகிறது. வீட்டுக்கு வந்தால் வேகம்தான். பேர் மட்டும் ரேமுக்கு. மூன்று மாதம் கழித்துப் பழைய கதை திரும்பும்போது, "எட்டு காணாது, பதினாறாக்குவோம்" என்று சொல்லவும் ஆள் இருக்கிறது.

ஏமாறுவதில் நாம் தனியாகவும் இல்லை. 1995இல் அமெரிக்காவில் சாஃப்ட்ரேம் 95 என்றொரு மென்பொருள் வந்தது. கழற்றிப் பூட்ட ஒன்றுமில்லை, நிறுவினால் போதும், நினைவகம் இரட்டிப்பாகும் என்றார்கள். இலட்சக்கணக்கில் விற்றது. ஆராய்ந்து பார்த்தவர்கள் அது நினைவகத்தைக் கூட்டவே இல்லை என்று கண்டுபிடித்தார்கள், ஃபெடரல் வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. "நினைவகம் கூடினால் வேகம் கூடும்" என்று வாங்குகிறவர் முன்கூட்டியே நம்பியிருந்ததால்தான் அந்த வெறும் பெட்டி விலைபோனது.

நமது ஊரில் இன்னும் 32 பிட் விண்டோஸ் 7 ஓடும் மேசைக் கணினிகள் இருக்கின்றன. அவற்றில் எட்டு ஜீபி பொருத்தினாலும் அந்த விண்டோஸ் நாலுக்கு மேல் தொடாது. அதற்கும் பில் போடுகிறார்கள். புதுக் கதை ஒன்றும் கிளம்பியிருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. ரேமைக் கூட்டினால் விண்டோஸ் 11 போடலாமாம். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச நினைவகமே நாலு ஜீபிதான். பழைய கணினிகளை அது வாசலில் நிறுத்துவது செயலியின் தலைமுறையைப் பார்த்து, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு முந்தியது என்பதற்காக. டீபிஎம் 2.0 பாதுகாப்புச் சில்லும் கேட்கும். ரேமைக் கூரைவரை அடுக்கினாலும் இந்த இரண்டும் முளைக்காது. போதாததற்கு, செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் சில்லுகளை அள்ளிக்கொண்டதில் 2025 இறுதியில் நினைவக விலை உலகெங்கும் எகிறியது. தப்பான மருந்துக்கு இப்போது கூடுதல் விலை.

அக்காவின் வன்தட்டைக் கழற்றி எஸ்எஸ்டி ஒன்றைப் பூட்டினோம். கோப்புகளை முதலில் பிரதி எடுத்துக்கொண்டோம், அதை மட்டும் யாரும் மறக்கக் கூடாது. இப்போது அரை நிமிடத்துக்குள் எழும்புகிறது. தேத்தண்ணீர் ஊற்ற நேரமில்லை என்று அவருக்குக் குறை.

நீங்களும் டவுனுக்குப் பஸ் ஏறுமுன், கணினி இழுத்துக்கொண்டிருக்கும் நேரமாகப் பார்த்து அந்த மூன்று விசைகளையும் அழுத்துங்கள். நினைவகம் எத்தனை வீதம், வன்தட்டு எத்தனை வீதம் என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போங்கள். பார்க்காமலே ரேம் போடச் சொல்கிற கடையில் பையைத் திறக்காதீர்கள்.