பேச்சுத் தமிழ் உடைந்த தமிழா?

‘பைலிங்குவல்’ என்ற ஆங்கிலச் சொல் நமக்குப் பழக்கமானது. இரு மொழி அறிந்தவரை அப்படிச் சொல்கிறோம். ‘டைக்ளோசிக்’ என்ற சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. ஆனால் தமிழ் மாணவர்களான நாம் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய பெயரடை இது.

கிரேக்கத்தில் ‘டி’ என்றால் இரண்டு. ‘குளோசா’ என்றால் நாக்கு, மொழி. அமெரிக்க மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959-இல் எழுதிய கட்டுரைதான் இக்கருத்தைப் பரவலாக்கியது. அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹைத்தி கிரியோல் ஆகியவற்றை அவர் ஆராய்ந்தார். ஒரே மொழிக்கு இரண்டு வடிவங்கள் இருக்கும். ஒன்று வீட்டில் தானாக வரும். மற்றொன்றைப் பள்ளியில் கற்க வேண்டும். இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு. தமிழில் இதை ‘இரட்டை வழக்கு’ என்கிறோம்.

தமிழும் இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. கட்டுரையில் ‘அவர்கள் வந்தார்கள்’. வீட்டில் ‘அவங்க வந்தாங்க’. ‘அம்மா, நான் பள்ளிக்குச் செல்கிறேன்’ என்று சொல்லிப் பாருங்கள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார்!

இச்சொல்லைப் பெரும்பாலும் மொழிக்கும் சமூகத்துக்கும் அடைமொழியாகப் பயன்படுத்துவார்கள்: ‘டைக்ளோசிக் லேங்குவேஜ்’, ‘டைக்ளோசிக் கம்யூனிட்டி’. தமிழும் மலாயும் பேசுகிறவர் பைலிங்குவல். அதனாலேயே அவரை டைக்ளோசிக் என்றுவிட முடியாது. ஆங்கிலக் கட்டுரையில் எழுதினால் ஒரு வரியில் விளக்கமும் கொடுங்கள்.

இச்சொல் நமக்கு ஏன் தேவை? ‘என்னோடது உடைஞ்ச தமிழ்’ என்று தயங்கி ஆங்கிலத்துக்குத் தாவும் நண்பர்களை ஜொகூரில் நான் நிறையவே பார்க்கிறேன். பேச்சுத் தமிழுக்கும் இலக்கணம் உண்டு. ‘வந்தாங்க, போனாங்க, சொன்னாங்க’ என்று சீராக வருவதே அதற்குச் சான்று. ‘நான் வந்தாங்க’ என்று சொன்னால் இலக்கணம் படிக்காத பாட்டிகூடத் திருத்துவார்.

பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில், 2005-ஆம் ஆண்டுப் பாடத்திட்ட மறுஆய்வுக்குப் பிறகு, வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு முறையாகவே இடம் கொடுத்தார்கள். பேசப்படாத மொழி பிள்ளைகளிடம் தங்காது என்ற கவலையே காரணம்.

எழுத்துத் தமிழை விட்டுவிடச் சொல்லவில்லை. எஸ்.பி.எம். தாளிலும் நாளிதழிலும் அதற்குரிய இடம் இருக்கிறது. ஆனால் பிழை வந்துவிடுமோ என்ற அச்சத்தில் வாயை மூடிக்கொண்டால் இரண்டு வழக்குமே நம்மை விட்டுப் போய்விடும். நண்பர்களிடம் வீட்டுத் தமிழில் தாராளமாகப் பேசுவோம். அது உடைந்த தமிழ் என்று யாராவது சொன்னால், ‘டைக்ளோசிக்’ என்றால் என்ன என்று எடுத்துச் சொல்வோம்; அதையும் தமிழிலேயே சொல்வோம்.