கல்லறைக்குப் போகலாமா, டாக்டர்?

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அந்நாள் நெருங்கும்போது எங்கள் புறநோயாளிப் பிரிவில் ஆண்டுதோறும் ஒரு கேள்வி எழுவதுண்டு. "ஊருக்குப் போயி அவரு கல்லறையில ஒரு மெழுகுவத்தி ஏத்திட்டு வந்துரலாமா, டாக்டர்?" கேட்பவர் எழுபது வயதைக் கடந்த தாயார். அருகில் நிற்கும் மகன், தாயார் காணாதவாறு, 'வேண்டாம் என்று சொல்லுங்கள்' என எங்களுக்குச் சைகை காட்டுவார்.

சிங்கப்பெருமாள் கோவிலைச் சுற்றி இத்தகைய தாய்மார் பலர் இருக்கின்றனர். ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மறைமலைநகரிலும் உள்ள தொழிற்சாலைகளுக்குப் பிள்ளைகள் தென்மாவட்டங்களிலிருந்து வேலைக்கு வந்தனர்; தந்தை மறைந்தபின் தாயையும் அழைத்துக்கொண்டனர். மகனுக்கு இரவு ஷிப்ட், மருமகளுக்குப் பகல் வேலை, பேரன் பள்ளியில். அடுக்குமாடி வீட்டில் தாயார் தனித்திருக்கிறார். ஊர்க்கோவில் மணியோசை, திருப்பலி முடிந்து முற்றத்தில் நின்று பேசும் தோழியர், கணவரின் கல்லறை ஆகிய அனைத்தும் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன. அவர் இழந்தது கணவரை மட்டுமன்று என்பதை வீட்டார் எளிதில் உணர்வதில்லை.

அந்தத் துயரம் உடலின் வழியே எங்களிடம் வந்து சேர்கிறது. பசி குறைகிறது, உறக்கம் கெடுகிறது, மாத்திரை மறந்துபோகிறது, சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் நிற்பதில்லை. மருந்தின் அளவை மாற்றுவதால் மட்டும் இது சீராவதில்லை. 1967இல் இலண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், வலி என்பது உடல், மனம், உறவு, ஆன்மிகம் ஆகிய நான்கும் சேர்ந்தது என்று கற்பித்தார். நான்காவதைப் பற்றி நாங்கள் கேட்பது அரிது. அதை எங்கள் குறையாகவே ஒப்புக்கொள்கிறோம்.

இங்கே ஒருவரை நினைவுகூர விரும்புகிறோம். தொழுநோயால் முடங்கிய கைகளுக்கு வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் அறுவை மருத்துவம் செய்து புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்டின் தாயார், எவலின் பிராண்ட். அவரும் கணவர் ஜெஸ்ஸியும் கொல்லிமலையில் நோயுற்றோருக்குப் பணி செய்தனர். 1929இல் மலேரியாவின் கடுஞ்சிக்கலான கருநீர்க் காய்ச்சலால் ஜெஸ்ஸி இறந்தார். அப்போது பிள்ளைகள் இருவரும் இங்கிலாந்தில் இருந்தனர். பின்னர் எவலின் மீண்டும் பணிக்கு வந்தபோது, மிஷன் அவரைச் சமவெளியில்தான் அமர்த்தியது. 1947இல் ஓய்வு பெற்றதும் அவர் தாமாகவே மலைக்குத் திரும்பினார். இடுப்பெலும்பு முறிந்தது, கால்கள் தளர்ந்தன. இரு மூங்கில் கோல்களை ஊன்றியும், மட்டக்குதிரையின் மேல் அமர்ந்தும் ஊர் ஊராகச் சென்றார். தம் இறுதி ஆண்டுகளில் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் எழுதியிருக்கிறார். 1974 டிசம்பரில், 95ஆம் வயதில் மறைந்தார். கொல்லிமலையில் கணவருக்கருகே அடக்கம் செய்யப்பட்டார்.

விசுவாசம் அவருடைய இழப்பை இல்லாமற் செய்துவிடவில்லை. இழப்பைச் சுமந்துகொண்டு நடப்பதற்கு வலிமையையும், எழுந்து செல்வதற்கு ஒரு காரணத்தையும் தந்தது. எங்கள் நோயாளிகளிடமும் இதையே காண்கிறோம்.

ஆனால் அதே விசுவாசத்தைச் சொல்லித் துயரப்படுவோரின் வாயை அடைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. "கர்த்தரிடம் போய்விட்டார், நீங்கள் அழலாமா?" என்பார்கள். இலாசரை உயிர்ப்பிக்கப் போகிறோம் என்று அறிந்திருந்தும் இயேசு அவனுடைய கல்லறைக்குச் செல்லுமுன் கண்ணீர் விட்டார் என்று யோவான் நற்செய்தி கூறுகிறது. அழுகை அவிசுவாசம் என்றால், அந்தக் கண்ணீருக்கு என்ன பொருள்? அழ வேண்டியவரை அழவிடுங்கள். அருகில் அமர்ந்திருங்கள், அதுவே போதும்.

மற்றொரு தயக்கமும் உண்டு. கத்தோலிக்கக் குடும்பத்தார் பலர், பங்குத்தந்தையை அழைத்தால் நோயாளி தம் முடிவு வந்துவிட்டதென்று அஞ்சுவார் எனக் கருதி, நினைவு தப்பும்வரை காத்திருக்கின்றனர். 'அவஸ்தைப்பூசுதல்' என்ற பழைய பெயர் விட்டுச்சென்ற அச்சம் இது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்திற்குப் பின், 1972இல் திருச்சபை அந்தச் சடங்கைச் சீரமைத்தது. இன்று அது நோயில்பூசுதல். கடும் நோயுற்றோரும் முதுமையால் தளர்ந்தோரும் முன்னதாகவே பெறலாம். சீர்திருத்தச் சபையினர் தம் போதகரையும் அவ்வாறே காலத்தோடு அழைக்கலாம். நோயாளி கண்திறந்து பேசும் நாளில் கிடைக்கும் செபமே அவருக்குத் துணையாகும்.

செபம் மருந்துக்கு மாற்றாகாது என்பதையும் சொல்ல வேண்டும். மாத்திரையை நிறுத்திவிட்டுச் செபிக்குமாறு யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்றி, உண்ணாமல், உறங்காமல் இருந்தாலோ, வாழ விருப்பமில்லை என்று ஒருமுறை சொன்னாலோ, உடனே எங்களிடம் அழைத்து வாருங்கள். அது மனச்சோர்வாக இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு. விசுவாசம் குறைந்ததால் அது வருவதில்லை. மேலும், சமய ஆறுதலை விரும்பாதவர்மேல் அதைத் திணிப்பதும் தகாது.

இனி, அந்தத் தாயாரின் கேள்விக்கு வருவோம். இதயமும் மூச்சும் சீராக இருப்பின், எங்கள் விடை 'போய் வாருங்கள்' என்பதே. செங்கல்பட்டில் இரயிலேற, கீழ்ப்படுக்கை பதிவு செய்யுங்கள். மாத்திரைகளைக் கைப்பையில் வையுங்கள். உடன் ஒருவர் செல்லட்டும். பயணம் இயலாதெனில், ஊரிலுள்ள உறவினர் மெழுகுவர்த்தி ஏற்றுவதை வீடியோ அழைப்பில் காட்டட்டும். அதே நேரத்தில் தாயார் இங்கே வீட்டில் ஒன்று ஏற்றட்டும். ஞாயிறுதோறும் அருகிலுள்ள ஆலயத்திற்கு அழைத்துச் செல்லுங்கள். ஷிப்ட் இடந்தராவிடில், அங்கிருந்து ஒருவரை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

மகன்களே, அடுத்த முறை எங்களுக்குச் சைகை காட்டுமுன், அப்பாவைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லக் காத்திருக்கிறார்.