கல்லை உடைத்தால் மட்டும் போதுமா?

‘கத்தியில்லை, ரத்தமில்லை, அன்றே வீட்டுக்குப் போகலாம்.’ சிறுநீரகக் கல்லுக்கு அதிர்வலை சிகிச்சை தரும் இடங்களின் விளம்பரம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கிறது. பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை.

கதை தொடங்கியதோ விமானத்தில். அதிவேகமாகப் பறக்கும் விமானத்தில் மழைத்துளி மோதினால் உலோகத்துக்குள் அதிர்வலை பாய்கிறது என்பதை ஜெர்மனியின் டோர்னியர் நிறுவனப் பொறியாளர்கள் ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அந்த அலையால் கல்லை நொறுக்கினால் என்ன? மியூனிக் மருத்துவர் கிறிஸ்டியான் ஷோசியும் சகாக்களும் அதைச் செய்து காட்டினார்கள். 1980 பிப்ரவரி 7 அன்று முதல் நோயாளியைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். நீருக்கடியில் ஒரு மின்பொறி. அதில் கிளம்பிய அலையைக் கிண்ணம் போன்ற உலோகப் பிரதிபலிப்பான் ஒரே புள்ளியில் குவித்தது. அந்தப் புள்ளியில்தான் கல் இருந்தது. உடம்பின் சதை பெரும்பாலும் நீர் என்பதால் அலை அதைக் கடந்துவிடும். கல்லில் மோதும்போதுதான் விரிசல் விழும். விலாவைக் கீறி கல்லெடுத்துக்கொண்டிருந்த காலத்தில் இது ஏறக்குறைய மாயாஜாலம்தான். 1984-ல் அமெரிக்காவும் அனுமதி தந்தது.

இன்று தொட்டி போய், மெத்தை வந்துவிட்டது. ஆனால் அலையின் எல்லை மாறவில்லை. இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட கல், சிறுநீரகத்தின் அடிப்பகுதியில் ஒளிந்திருக்கும் கல், சிஸ்டைன் போன்ற கெட்டிக் கல் ஆகியவை எளிதில் மசியாது. கர்ப்பிணிகளுக்கு இந்தச் சிகிச்சை கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு, அதை நிறுத்தாமல் செய்யக் கூடாது. யூரிக் அமிலக் கல்லையோ பல நேரம் மருந்திலேயே கரைத்துவிடலாம். அதற்கு எந்திரம் எதற்கு?

அலை கல்லை உடைக்கும், வெளியே எடுக்காது. உடைந்த துகள்கள் சிறுநீரோடுதான் இறங்க வேண்டும். சில நாள் சிறுநீர் சிவக்கலாம், வலி திரும்பலாம். துகள்கள் வரிசையாகக் குழாயில் அடைத்துக்கொண்டால் மறுபடி மருத்துவமனைதான். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவர், நள்ளிரவில் வலியில் துடிப்பவரை ‘சிகிச்சை தோற்றுவிட்டதோ’ என்று பயப்பட வைக்கிறார்.

இறங்கும் துகளை வடிகட்டியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்வதும் சிகிச்சையின் பகுதிதான். எந்த வகைக் கல் என்று தெரியாமல் ‘தக்காளி வேண்டாம், கீரை வேண்டாம்’ என்று எல்லோருக்கும் ஒரே சீட்டை நீட்டுவதில் அர்த்தமில்லை. எல்லா வகைக்கும் பொதுவான அறிவுரை ஒன்றுதான்: நாளைக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் கழியும் அளவுக்குத் தண்ணீர். அதற்குக் கட்டணமில்லை என்பதாலோ என்னவோ, விளம்பரத்தில் அது வருவதில்லை.