எழுத்துப் பஞ்சமா? எண்ணப் பஞ்சமா?

“வடமொழியில் ககரம் நான்கு, தமிழில் ஒன்றே ஒன்று! ‘பாவம்’ என்று எழுதிவிட்டால், அது மனிதன் செய்த பாவமா, நர்த்தகி முகத்தில் காட்டும் பாவமா என்று எவரால் அறிய முடியும்? எழுத்துப் பஞ்சம் பிடித்த மொழி, ஐயா, இது!”

பேசியவர் பெரும்படிப்பாளர். இடம், நான் பணியாற்றும் பள்ளியின் ஆண்டு விழா மேடை. அவர் சொல்லி முடித்ததும் கூட்டம் சிரித்தது, கைதட்டியது. தோழர்களே! வெட்கத்தோடு சொல்கிறேன், நானும் கைதட்டினேன். மேடையில் பெரியவர் பேசினால் கைகள் தாமே தட்டும். அப்படிப் பழக்கிவைத்திருக்கிறார்கள் நம்மை.

மறுநாள் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து நின்று கேட்டான்: “ஐயா, நம் மொழி குறையுள்ள மொழியா?”

என் கைதட்டல் என் கன்னத்தில் விழுந்த அறையாயிற்று. அந்தச் சிறுவனுக்கு நான் அன்று சொன்னதையும், சொல்லத் தவறியதையும் இங்கே எழுதுகிறேன்.

கல், அகம், பக்கம், தங்கம். நான்கு சொற்களையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். கல்லில் வரும் ககரம் வல்லொலி. அகத்தில் வருவது மெலிந்து குழைந்த ஒலி. பக்கத்தில் இரட்டித்து இறுகி ஒலிக்கிறது. தங்கத்தில் மெல்லெழுத்தின் தோளைப் பற்றிக்கொண்டு அதிர்ந்து ஒலிக்கிறது. எழுத்து ஒன்று, ஒலிகள் பல. எந்த இடத்தில் எந்த ஒலி என்று எந்தத் தாயும் குழந்தைக்குப் பாடம் நடத்தியதில்லை. மூன்று வயதுக் குழந்தை தவறின்றிப் பேசுகிறது. ஏன்? இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. இடம் சொல்லிவிடுவதை எழுத்தும் ஏன் சொல்ல வேண்டும்? பொருளை வேறுபடுத்தும் ஒலியை ஒலியன் என்றும், இடத்துக்கேற்ப அது எடுக்கும் வடிவங்களை மாற்றொலி என்றும் இன்றைய மொழியியலார் வகுத்துரைக்கின்றனர். ஒலியனுக்கு ஓரெழுத்து, மாற்றொலிக்குத் தனியெழுத்துத் தேவையில்லை. இதற்குப் பெயர் பஞ்சமா? சிக்கனம்! ஒழுங்கு!

1856ஆம் ஆண்டிலேயே திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல், வல்லொலியும் மெல்லொலியும் இடத்துக்கேற்ப மாறும் இந்த நெறியைத் தனியொரு விதியாகவே எடுத்துக் காட்டினார். வெளிநாட்டிலிருந்து வந்தவர் கண்ணுக்குத் தெரிந்த விதி, உள்நாட்டுப் படிப்பாளர் கண்ணுக்கு ஊனமாகத் தெரிகிறது. கோளாறு மொழியிலா, கண்ணிலா?

‘பாவம்’ என்ற சொல்லை வைத்துப் பகடி பேசினாரே, அந்த இரண்டு பாவங்களும் எங்கிருந்து வந்தவை? இரண்டும் வடசொற்கள். தீவினை என்றும் மெய்ப்பாடு என்றும் சொல்லும் தமிழனுக்கு அந்த ஐயமே எழாது. இரவற் சொற்கள் நுழையும் இடத்தில்தான் ஒலியொழுங்கு கலைகிறது. விருந்தாளி கொண்டுவந்த பெட்டி என் வீட்டுப் பரணில் அடங்கவில்லை என்றால், அதற்காக என் வீட்டைக் குடிசை என்பதா?

எண்ணிக்கைதான் பெருமையின் அளவுகோலா? நன்று, அந்தக் கோலைக் கொண்டே அளப்போம்.

எகரக் குறிலும் ஒகரக் குறிலும் சமஸ்கிருதத்தில் இல்லை. நமக்கோ எட்டு வேறு, ஏட்டு வேறு. கொடு வேறு, கோடு வேறு. பல்லைத் தொட்டு ஒலிக்கும் தகரம் அவர்களிடம் உண்டு. நாவை மடித்து ஒலிக்கும் டகரம் உண்டு. இரண்டுக்கும் இடையே, அண்ணத்தின் முன்விளிம்பில் பிறக்கும் றகர வல்லொலி இல்லை. நமக்கோ காத்து, காற்று, காட்டு என மூன்றும் மூன்று பொருள். பேச்சுத் தமிழ் பலவிடங்களில் அந்த நடு ஒலியை இழந்துவிட்ட போதிலும், மலையாளம் அதனை இன்றும் உயிரோடு காத்து நிற்கிறது. குறில் எகரம் இல்லாத மொழி குறைமொழி என்று நாம் எந்த மேடையிலாவது ஏளனம் செய்தோமா? செய்யவில்லை, செய்யவும் மாட்டோம். அம்மொழிக்கு அது தேவைப்படவில்லை; அவ்வளவே.

இன்னும் எண்ணிக்கை வேண்டுமா? நீலகிரிக்கு ஏறுங்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் பேரே உள்ள தோடர்களின் மொழியும் நம் மொழிக் குடும்பத்ததே. 1935ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்து அதனை ஆராய்ந்தவர் எமெனோ என்னும் அறிஞர். குறிலும் நெடிலுமாக அதற்கு 16 உயிரொலிகள். நாநுனி அதிரும் ரகரம் மட்டும் மூன்று வகை! பழங்கால எழுத்தோ ஏடோ அம்மக்களுக்கு இல்லை. ஒலியின் எண்ணிக்கையே உயர்வு என்றால், தோடர் மந்தின் வாசலில் அல்லவா பண்டிதர்கள் கைகட்டி நிற்க வேண்டும்? நிற்பார்களா? மாட்டார்கள். அவர்கள் அளப்பது ஒலியை அன்று, பேசுவோரின் குலத்தை!

மதுரைக்கு அருகே மாங்குளத்துப் பாறை இருக்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டளவில், சமணத் துறவியர்க்குப் பள்ளி அமைத்துக் கொடுத்த செய்தியை அங்கே வெட்டிவைத்துள்ளனர். நெடுஞ்செழியன் பெயரும் அதில் உண்டு. பிராமி எழுத்து முழுவதும் அவர்கள் முன் இருந்தது. ‘தம்மம்’ என்ற அயற்சொல் வந்தபோது அதற்குரிய அயலெழுத்தையே செதுக்கினர். ஆக, அறியாமை இல்லை. ஆயினும் தமிழ்ச் சொற்களுக்கு அந்த வரிசைகளைத் தொடவில்லை, வேண்டாதவற்றை விட்டனர். அதே தமிழ் எழுதுவதற்காக ழ, ள, ற, ன என்னும் நான்கும் புதியனவாகச் சேர்க்கப்பட்டன. அள்ளிக்கொள்ள வாய்ப்பிருந்தும் அளந்து எடுத்தவர்கள் அவர்கள். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் பாறையில் உளி பிடித்தவனுக்கு இருந்த தெளிவு, இன்று மேடையில் ஒலிபெருக்கி பிடித்தவருக்கு இல்லை!

இதுவரை எதிரிலிருப்போரைக் கேட்டேன். இனி நம் வரிசையில் இருப்போரையும் ஒன்று கேட்கிறேன். பகுத்தறிவு பேசுவோர்க்குத் தன்வீடு, பிறன்வீடு என்ற பாகுபாடு கூடாதன்றோ?

தமிழே உலக மொழிகளுக்கெல்லாம் தாய் என்று முழங்குகிறோமே, சான்று எங்கே? நாம் செவி என்பதைக் கன்னடத்தார் கிவி என்கின்றனர். நம் செம்மை அவர்களிடம் கெம்பு. பலுசித்தானத்தில் வழங்கும் பிராகூயியில் காதின் பெயர் கஃப். முன்னர்க் ககரமாக இருந்ததே தமிழில் சகரமாயிற்று என்பது ஒப்பிலக்கணம் கண்ட முடிவு. அந்த ஒரு முனையில், பழைய ஒலியைக் காத்தது கன்னடம்; மாறியது தமிழ். எனவே கன்னடத்தைப் பெற்ற தாயன்று தமிழ். ஒரு தாய் வயிற்று அக்காள். மிகப் பழைய இலக்கியத்தைக் கையில் வைத்திருக்கும் அக்காள். அந்தப் பெருமை போதாதா? தேவபாடை என்ற கட்டுக்கதையை எதிர்த்துப் புறப்பட்ட நாம், தெய்வத்தமிழ் என்ற இன்னொரு கதையைத் தோளில் சுமப்பதா?

எழுத்து, கருவி. 1935ஆம் ஆண்டில் பெரியார் அதைச் சீர்திருத்திக் காட்டினார். 1978இல் அரசு ஏற்றது. வானம் இடிந்து விழவில்லை. அயல்மொழிப் பெயரை எழுத நாளை ஒரு குறி தேவையென்றால், கூடி ஆராய்ந்து வைத்துக்கொள்ளலாம். அது கருவிக்குச் செய்யும் செப்பனிடல்; மொழியின்மேல் சாட்டும் குற்றமன்று.

அன்று அந்த மாணவனைக் கரும்பலகைக்கு அழைத்தேன். நான்கு சொற்களையும் எழுதச் சொல்லி, உரக்கப் படிக்கச் சொன்னேன். படித்தான். நான்கு இடத்திலும் ககரம் தனித்தனியாக ஒலித்தது. “யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தது?” என்றேன். “யாருமில்லை, ஐயா” என்றான்.

தோழர்களே! உங்கள் ஊரிலும் ஒரு மேடை இருக்கும். அதில் ஒரு பெரியவர் இருப்பார். கீழே ஒரு சிறுவன் தலை குனிந்து உட்கார்ந்திருப்பான். கைதட்டுமுன் அவனை ஒருமுறை பாருங்கள். பிறகு எழுந்து நின்று கேளுங்கள்: பஞ்சம் எழுத்திலா, ஐயா? எண்ணத்திலா?