திருவிழாச் சந்தாவும் பள்ளிக்கூடச் சந்தாவும்

"இருக்கிற காணிக்கே உறுதி கிடையாது. கட்டிய வீடு எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இந்த நிலையில் பிள்ளைகளின் படிப்புக்கு நாங்கள் என்ன செய்ய முடியும்? அரசாங்கமோ ஏதாவதொரு நிறுவனமோ செய்தால்தான் உண்டு." இடம்பெயர்ந்த விவசாயக் குடும்பங்களிடையே நாம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இக்கேள்விக்கு மலையகம் ஒரு பதிலை வைத்திருக்கிறது. அட்டன், தலவாக்கலை, நுவரெலியாத் தோட்டங்களின் அனுபவம் உங்களுக்கு அந்நியமானதும் அல்ல. 1977இலும் 1983இலும் இனவன்செயல்களால் தோட்டங்களைவிட்டு வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறியவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் உங்களிடையே இருக்கின்றனர்.

நாதியற்ற பள்ளிக்கூடம்

1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்ட நிர்வாகங்களிடம் ஒப்படைத்தது. சட்டம் அப்படி இருந்தாலும், கொழுந்து பறிக்கக் கை வேண்டுமென்று எண்ணிய துரைமாருக்கு அந்தக் கையில் புத்தகம் இருப்பதில் அக்கறை இருக்கவில்லை. ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடிவு: இதுவே தோட்டப் பள்ளிக்கூடமாக இருந்தது. 1945இல் நாட்டுக்கு இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பள்ளிகள் அரசாங்கப் பாடசாலைகளுக்குப் புறம்பாகவே நின்றன. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம் பெரும்பான்மையான மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. வாக்கில்லாத மக்களின் பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்க எவரும் இருக்கவில்லை. 1970களின் பிற்பகுதியிலேயே அரசு தோட்டப் பாடசாலைகளைப் படிப்படியாகப் பொறுப்பேற்றது. இலவசக் கல்வி லயங்களை எட்ட முப்பது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் சும்மா இருக்கவில்லை. லயத்து வாசலிலும் கோயில் மண்டபத்திலும் இராப்பள்ளிகள் நடந்தன. நாலெழுத்துத் தெரிந்த இளைஞன் மண்ணெண்ணெய் விளக்கில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். 1960களில் அட்டன் ஹைலன்ஸ் கல்லூரியில் கற்பித்த இர. சிவலிங்கம் போன்ற ஆசிரியர்கள் வகுப்பறையோடு நின்றுவிடாமல் இளைஞரைத் திரட்டிச் சமூக உணர்வூட்டினர். இன்று மலையகத்தில் ஆசிரியராக, அதிபராக, சட்டத்தரணியாக இருப்போர் பலர் இத்தகைய முயற்சிகளின் வழிவந்தவர்கள்.

கூடிக் கொடுக்கத் தெரிந்த மக்கள்

எந்தத் தோட்டத்தைப் பார்த்தாலும் அங்கே மாரியம்மன் கோயில் திருவிழா உண்டு. மரணாதாரச் சங்கம் உண்டு. இவற்றுக்கான சந்தா பல இடங்களில் செக்ரோலிலேயே பிடிக்கப்படுகிறது. தொழிற்சங்கச் சந்தாவும் அப்படியே. இதிலிருந்து என்ன தெரிகிறது? ஏழை மக்களுக்குச் சேமிக்கத் தெரியாது, ஒன்றுபடத் தெரியாது என்பது பொய். செத்தவரை மரியாதையோடு அடக்கம் செய்ய எவரிடமும் கையேந்தாத மக்கள், உயிரோடிருக்கும் பிள்ளையின் படிப்புக்கு மட்டும் ஏன் வெளியாரை எதிர்பார்க்க வேண்டும்? திருவிழா வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அது மக்களை ஒன்றாக வைத்திருக்கிறது. திருவிழாவுக்கு இருக்கும் ஒழுங்கு பள்ளிக்கூடத்துக்கும் இருக்கட்டும் என்றே சொல்கிறோம். நூறு குடும்பங்கள் மாதம் நூறு ரூபா கொடுத்தால் பத்தாயிரம் ரூபா சேரும். அது பெருந்தொகை அல்ல. ஆனால் மாதந்தவறாமல் வரும். எவரும் நிறுத்திவிட முடியாது.

அப்பணத்தை எங்கே பயன்படுத்துவது என்பதே முக்கியம். பிள்ளை எந்த இடத்தில் படிப்பை விட்டு விலகுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும். தோட்டத்துச் சிறிய பாடசாலையை முடித்தபின் பட்டணத்துப் பாடசாலைக்கு நடக்கவோ பஸ் ஏறவோ வேண்டும். அங்கே பல பிள்ளைகள் நின்றுவிடுகின்றன. அடுத்தது வீடு. பழைய லயக்காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதிலேயே அடுப்பு, படுக்கை, தொலைக்காட்சி எல்லாம். அம்மா மலையிலிருந்து வந்து அடுப்பு மூட்டும் நேரத்தில் பிள்ளை எங்கே உட்கார்ந்து படிக்கும்? கொழும்பில் வீட்டு வேலைக்கும் கடை வேலைக்கும் அனுப்பப்படும் சிறுவர் சிறுமியரின் கதை இங்கேதான் தொடங்குகிறது. ஆகவே, விளக்கெரியும் ஒரு மண்டபம், சில மேசைகள், மாலை ஆறு முதல் எட்டு மணிவரை கூட இருந்து உதவ உயர்தரம் படித்த ஓர் இளைஞர் அல்லது யுவதி, தூரத்துப் பிள்ளைகளுக்குப் பஸ் கட்டணம்: சுயஉதவி முதலில் இவற்றைச் செய்யட்டும். 2020, 2021ஆம் ஆண்டுகளில் பாடசாலைகள் மூடப்பட்டிருந்தபோது, தொலைபேசிச் சமிக்ஞை தேடி மலையுச்சி ஏறிய பிள்ளைகளை நாடு கண்டது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் கொப்பியின் விலையும் பஸ் கட்டணமும் பெருமளவில் ஏறின. இத்தகைய காலங்களில் தோட்டத்துக்குள்ளேயே இருக்கும் ஒரு படிப்பறையும் ஒரு பொதுப்பணமும் பிள்ளைகளைத் தாங்கிப்பிடிக்கும்.

மூன்று நிபந்தனைகள்

முதலாவது, கணக்கு. மாதந்தோறும் வரவு செலவை எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும். கணக்கு வாசிக்காத சங்கம் நிலைப்பதில்லை. இரண்டாவது, தாய்மார். தோட்டத்தில் பெண் உழைத்த சம்பளத்தைக் கணவன் போய் வாங்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. அந்தப் பழக்கம் பள்ளிக்கூடச் சங்கத்திலும் புகுந்துவிடக் கூடாது. பிள்ளை பசியோடு போகிறதா, கொப்பி இல்லாமல் போகிறதா என்பது தாய்க்கே தெரியும். செயற்குழுவில் பாதிப்பேராவது தாய்மாராக இருக்கட்டும். மூன்றாவது, கட்சியும் தொழிற்சங்கமும். உதவ வருவோரை வரவேற்கலாம். ஆனால் திறப்பும் கணக்குப் புத்தகமும் மக்கள் கையிலேயே இருக்க வேண்டும்.

அரசின் கடமை அரசினுடையதே

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். மக்கள் தாமே செய்துகொள்கிறார்கள் என்று அரசு கைகழுவிவிட இடமளிக்கலாகாது. 2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் நியமிக்கப்பட்டபோது, தொடக்கத்தில் அவர்களுக்கு மாதக் கொடுப்பனவாக 6,000 ரூபாவே தரப்பட்டது. மலையகப் பிள்ளைக்கு மலிவான கல்வி போதும் என்ற பழைய எண்ணம் இதில் தெரிகிறது. விஞ்ஞான, கணிதப் பிரிவுகளில் உயர்தரம் கற்பிக்கும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் இன்றும் சொற்பமே. ஆய்வுகூடத்தையும் விஞ்ஞான ஆசிரியரையும் நூறு ரூபாச் சந்தாவால் கொண்டுவர முடியாது. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். தனியாகப் போகும் தகப்பன் வலயக் கல்விப் பணிமனையில் நாளைக்கு வரச் சொல்லித் திருப்பியனுப்பப்படுகிறான். கணக்கும் கூட்டக் குறிப்பும் கொண்ட ஒரு சங்கத்தை அப்படி எளிதில் அனுப்பிவிட முடியாது. சுயஉதவியின் பெரும்பயன் சேரும் பணத்தைவிட இந்தப் பலத்திலேயே இருக்கிறது.

உங்களுக்கு என்ன?

செக்ரோல் இல்லாத விவசாயக் குடும்பங்கள் என்ன செய்வது? உங்களிடம் அறுவடை இருக்கிறது. வடக்கில் பிடியரிசி சேர்த்துப் பொதுக்காரியம் நடத்திய வழக்கம் பழையது. போகத்துக்கு ஒரு மரக்கால் நெல்லோ, ஒரு கொத்து உழுந்தோ பள்ளிக்கூடப் பங்காக ஒதுக்கலாம். 1970களின் பிற்பகுதியில், தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்களை வவுனியாப் பகுதியில் குடியமர்த்திய காந்தீயம் இயக்கம், பயிர்ச்செய்கையோடு பாலர் பாடசாலைகளையும் நடத்தியது. அதன் முன்னோடிகளுள் ஒருவரான மருத்துவர் இராஜசுந்தரம் 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் கொல்லப்பட்டார். காணி, வீடு எல்லாம் சரியான பின்னர் படிப்பைப் பார்ப்போம் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

காணியை எழுதித் தருவதற்கு அதிகாரிகள் ஆண்டுக்கணக்கில் இழுத்தடிக்கலாம். பிள்ளையின் வயது அவர்களுக்காகக் காத்திருப்பதில்லை. எட்டு வயதில் விட்ட படிப்பைப் பதினெட்டில் பிடிப்பது கடினம். ஆகவே, அடுத்த அறுவடைக்கு முன்னர் உங்கள் குடியிருப்பில் ஒரு கூட்டம் கூட்டுங்கள். எத்தனை பிள்ளைகள் பாடசாலை செல்கின்றனர், எத்தனை பேர் நின்றுவிட்டனர், ஏன் நின்றனர் என்று பெயர் பெயராக எழுதுங்கள். உங்கள் பள்ளிக்கூடச் சங்கத்தின் முதற் பக்கம் அந்தப் பட்டியலாகவே இருக்கட்டும்.